தோளில் கிரீடம், லிஸ்டில் லெப்டினன்ட்: போர்க்கால அதிகாரியின் பதவி உயர்வைத் தேடிப் படிக்கும் முறை

1944 ஆகஸ்டில் எடுத்த புகைப்படத்தில் அவர் தோளில் கிரீடம் இருக்கிறது. கிரீடம் என்றால் மேஜர். அதே மாதத்து நிலவரத்தைக் காட்டும் ஆர்மி லிஸ்டில், அதாவது அச்சிட்ட அதிகாரிகள் பட்டியலில், அவர் லெப்டினன்ட். 1946இல் படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த காகிதத்தில் கேப்டன். இரண்டாம் உலகப் போரில் இருந்த ஓர் அதிகாரியைப் பற்றித் தேடத் தொடங்கும் பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தாத்தா மிகைப்படுத்திச் சொல்லிவிட்டாரோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. சந்தேகம் வேண்டாம், மூன்றுமே உண்மையாக இருக்கலாம். போர்க்காலத்தில் ஓர் அதிகாரிக்கு ஒரே நாளில் மூன்று ரேங்குகள் இருப்பது சாதாரண விஷயம்.

அதனால் "என்ன ரேங்க்?" என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. "எந்த வகை ரேங்க், எந்தத் தேதியிலிருந்து?" என்று கேட்க வேண்டும். கீழே சொல்லப்படுவதெல்லாம் 1939-45 காலத்துப் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கும், அதை ஒட்டியே நடந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் பொருந்தும்.

ரேங்க் வகைகள்

சப்ஸ்டான்டிவ் என்பது நிலையான ரேங்க். போர் முடிந்தாலும், பொறுப்பு மாறினாலும், மருத்துவமனையில் கிடந்தாலும் போகாது. ஓய்வூதியமும் சீனியாரிட்டியும் இதை வைத்துத்தான்.

வார் சப்ஸ்டான்டிவ் போர்க்காலம் முழுவதும் நிலைக்கும். ஒருவர் மேல் பொறுப்பை இழந்தாலும் இதற்குக் கீழே இறக்க முடியாது. அவருக்கு இதுதான் தரை.

டெம்பரரி ரேங்கும் ஆக்டிங் ரேங்கும் பொறுப்போடு ஒட்டியவை. கம்பெனிக்குத் தலைமை தாங்கும் இடம் காலியாகி ஒருவரை அங்கே அமர்த்தினால் முதலில் ஆக்டிங் வரும். தொடர்ந்து 3 மாதம் அதே நிலையில் இருந்தால் டெம்பரரி ஆகும். அப்படி ஆகும் நாளிலேயே, அதற்கு ஒரு படி கீழே உள்ள ரேங்க் வார் சப்ஸ்டான்டிவாக உறுதிப்படும். போர்க்காலப் பதவி உயர்வு முழுவதற்கும் அச்சாணி இந்த விதிதான். இதைப் பிடித்துக்கொண்டால் விடுபட்ட தேதிகளில் பாதியை நீங்களே கணக்கிட்டு, பிறகு ஆவணத்தில் சரிபார்க்கலாம்.

லோக்கல் ரேங்க் ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். கூடுதல் சம்பளம் கிடையாது. பிரெவெட் என்பது சிறந்த சேவைக்குக் கொடுத்த மதிப்பு ரேங்க். படையளவில் சீனியாரிட்டி தரும், ஆனால் அவருடைய ரெஜிமென்ட்டுக்குள் இடம் மாறாது. பிரெவெட் பெரும்பாலும் போருக்கு முந்தைய பக்கங்களில்தான் தட்டுப்படும்.

புகைப்படம் இவற்றைப் பிரித்துக் காட்டாது. ஆக்டிங் மேஜரும் நிலையான மேஜரும் ஒரே கிரீடத்தைத்தான் அணிந்தார்கள். ஒரு நட்சத்திரம் செகண்ட் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கேப்டன், கிரீடம் மேஜர், கிரீடமும் ஒரு நட்சத்திரமும் லெப்டினன்ட் கர்னல். படத்திலிருந்து இவ்வளவுதான் எடுக்க முடியும். அதிலும் கவனம் தேவை: வைஸ்ராய் கமிஷன் (வைஸ்ராய் பெயரில் தரும் அதிகாரி நியமனம்) பெற்ற ஜமேதார், சுபேதார் தோள்களிலும் நட்சத்திரம் உண்டு. ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்ததும் செகண்ட் லெப்டினன்ட் என்று எழுதிவிடாதீர்கள். ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் தனி வரிசை, அவர்களுக்குத் தனிப் பட்டியல். அவர்களைப் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டின் அதிகாரிகள் நியமனப் பகுதியில் தேடினால் நாள்கள்தான் வீணாகும்.

எந்த வாசல் வழியாக வந்தார்

தேடலின் முதல் வேலை கமிஷன் வகையைக் கண்டுபிடிப்பது. அதைப் பொறுத்துத்தான் பதவி உயர்வுக் கணக்கும், ஆவணம் இருக்கும் இடமும் மாறும்.

சாண்ட்ஹர்ஸ்ட் அல்லது உலிச் அகாடமியில் படித்து வந்த இந்தியர்கள் அரசரின் கமிஷன் பெற்றவர்கள். 1932இல் டேராடூனில் இந்தியன் மிலிட்டரி அகாடமி தொடங்கிய பின் அங்கிருந்து வந்தவர்கள் இந்தியக் கமிஷன் பெற்றவர்கள். போர் தொடங்கியதும் எமர்ஜென்சி கமிஷன் வந்தது. பெங்களூர், பெல்காம், மோவ் ஆகிய இடங்களில் இருந்த ஆபீசர்ஸ் டிரெய்னிங் ஸ்கூல்களில் சில மாதப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். போருக்கு முன் சில நூறாக இருந்த இந்திய அதிகாரிகள் போர் முடியும்போது 8,000 அளவுக்குப் பெருகியது இப்படித்தான். எனவே உங்கள் குடும்பத்து அதிகாரி 1940க்குப் பின் சேர்ந்தவர் என்றால் எமர்ஜென்சி கமிஷனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதிகாரி எண்ணின் முன்னெழுத்தும் துப்புக் கொடுக்கும். ஐ.சி. என்றால் இந்தியக் கமிஷன். ஐ.இ.சி. என்றால் இந்திய எமர்ஜென்சி கமிஷன். இ.சி. என்பது எமர்ஜென்சி கமிஷன் பெற்ற பிரிட்டிஷாருக்கு. பழைய கடிதம், சம்பளச் சீட்டு, பதக்கப் பெட்டி, டிரங்குப் பெட்டியின் மூடி என்று எதிலாவது இந்த எண் எழுதியிருக்கும். பெயரைவிட எண்தான் பயன்படும், ஏன் என்று பின்னால் வருகிறது.

போருக்கு முன் நாள்காட்டிதான் பதவி உயர்வு

அமைதிக் காலத்தில் கேப்டன், மேஜர் வரைக்கும் உயர்வு காலக்கணக்கில் வந்தது. இந்திய ராணுவத்தில் செகண்ட் லெப்டினன்ட் 2 ஆண்டு 3 மாதத்தில் லெப்டினன்ட் ஆவார். கேப்டனாக 9 ஆண்டு என்று இருந்தது, போருக்குச் சற்று முன் 8 ஆண்டாகக் குறைந்தது. மேஜராக 18 ஆண்டு என்பது 17 ஆனது. போர் முடிந்த பின் மேஜருக்கு 13 ஆண்டு என்று மேலும் இறங்கியது.

சாம் மானெக்‌ஷாவின் தேதிகளை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். டேராடூன் அகாடமியின் முதல் அணியில் வெளிவந்த அவருக்கு சீனியாரிட்டி 1934 பிப்ரவரி 4 என்று முன்தேதியிடப்பட்டது. 27 மாதம் கூட்டினால் 1936 மே 4. அன்றுதான் லெப்டினன்ட் ஆனார். 8 ஆண்டு கூட்டினால் 1942 பிப்ரவரி 4, அது நிலையான கேப்டன் ஆன நாள். 13 ஆண்டு கூட்டினால் 1947 பிப்ரவரி 4, நிலையான மேஜர். ஆனால் இடைப்பட்ட போர்க்காலத்தில் அவர் ஆக்டிங், டெம்பரரி ரேங்குகளில் இதைவிட வெகு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பர்மாவில் சிட்டாங் பாலத்துப் போரில் படுகாயமடைந்து மிலிட்டரி கிராஸ் என்ற வீர விருது பெற்றபோது, அவர் நிலையான கேப்டனாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. கமிஷன் கொடுத்த நாளும் சீனியாரிட்டி தேதியும் வேறு வேறாக இருக்கலாம். காலக்கணக்கு சீனியாரிட்டி தேதியிலிருந்தே ஓடும். கெஜட்டில் கமிஷன் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டினால் எல்லாத் தேதிகளும் சில மாதங்கள் தள்ளிப் போகும். கணக்கு ஒரே அளவில் பிசகிக்கொண்டே வந்தால், முன்தேதியிட்ட குறிப்பு ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இன்னொரு குழப்பம் முதல் ஆண்டில் வரும். இந்திய ராணுவத்துக்கு வந்த வழக்கமான கமிஷன் அதிகாரிகள் முதலில் இந்தியாவில் இருந்த ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனில் ஏறத்தாழ ஓராண்டு இணைந்திருப்பார்கள். அதன் பிறகே இந்தியப் பட்டாலியன். மானெக்‌ஷா முதலில் லாகூரில் ராயல் ஸ்காட்ஸின் 2ஆம் பட்டாலியனிலும், பிறகு 12ஆம் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டின் 4ஆம் பட்டாலியனிலும் இருந்தார். ஆகவே ஒருவருக்கு இரண்டு பட்டாலியன் பெயர் கிடைத்தால் ஒன்றைத் தவறென்று வெட்டிவிடாதீர்கள்.

போரில் கணக்கு எப்படி ஓடும்

தொடக்கத்தில் சொன்ன புகைப்படத்துக்காரருக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். தேதிகள் விளக்கத்துக்காக வைத்தவை.

1942 மே 10இல் எமர்ஜென்சி கமிஷன், செகண்ட் லெப்டினன்ட். போரின் நடுப்பகுதியில் 6 மாதச் சேவைக்குப் பின் வார் சப்ஸ்டான்டிவ் லெப்டினன்ட் ஆவது வழக்கம், எனவே நவம்பர் 10. 1943 பிப்ரவரி 1இல் பட்டாலியனின் அட்ஜுடன்ட் (தளபதிக்கு நிர்வாகத்தில் உதவும் அதிகாரி) பொறுப்பு, அதனால் ஆக்டிங் கேப்டன். மே 1இல் டெம்பரரி கேப்டன். 1944 ஜூன் 15இல் கம்பெனி கமாண்டர் காயமடைந்து இடம் காலியாகிறது, இவர் ஆக்டிங் மேஜர். செப்டம்பர் 15இல் டெம்பரரி மேஜர், அன்றே வார் சப்ஸ்டான்டிவ் கேப்டன்.

இப்போது 1944 ஆகஸ்டுக்குத் திரும்புங்கள். தோளில் ஆக்டிங் மேஜரின் கிரீடம். டெம்பரரி கேப்டன் என்ற நிலை. அடியில் வார் சப்ஸ்டான்டிவ் லெப்டினன்ட். லிஸ்டில் அவர் பெயர் அந்த அடி ரேங்கின் கீழ்தான் வரும். பிறகு 1945இல் மலேரியாவோ குண்டுக்காயமோ வந்து பட்டாலியனை விட்டுப் போனால் கிரீடத்தைக் கழற்ற வேண்டியதுதான். ஆனால் கேப்டனுக்குக் கீழே போகமாட்டார். 1946 காகிதத்தில் கேப்டன் என்று வருவது இதனால்தான். மேல் ரேங்கைப் போதிய காலம் வகித்தவருக்கு விடுவிக்கும்போது கௌரவ மேஜர் ரேங்க் கொடுப்பதும் உண்டு, அதைக் கெஜட்டில் தனியாகக் குறித்திருப்பார்கள்.

ரேங்க் இறங்கியதைப் பார்த்ததும் தண்டனை என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அது காயம், நோய், மாற்றல், பட்டாலியன் கலைப்பு ஆகியவற்றில் ஒன்றுதான். தண்டனை என்றால் ராணுவ நீதிமன்றக் குறிப்பு இருக்கும். அது இல்லாமல் ஒருவர் பெயரில் களங்கம் எழுதுவது அநியாயம். இறக்கம் எவ்வளவு சாதாரணம் என்பதற்குப் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் போதும். முதல் உலகப் போரின் முடிவில், 1918 நவம்பரில், டெம்பரரி மேஜர். அடுத்த ஆண்டு இந்திய ராணுவத்தில் கேப்டன். நிலையான மேஜர் ஆனது 1933இல். மேஜரிலிருந்து மேஜருக்கு 15 ஆண்டு. அதே மனிதர் 1939இல் பிரிகேடியர், 1942 மார்ச்சில் பர்மா கோரின் தளபதி, ஆக்டிங் லெப்டினன்ட் ஜெனரல்.

போர்க் கைதிகள் விஷயம் தனி. காலக்கணக்கில் வரும் நிலையான உயர்வு முகாமில் இருக்கும்போதும் வந்து சேரும். பொறுப்பை ஒட்டிய ஆக்டிங் உயர்வுக்கு வழியில்லை, ஏனெனில் அங்கே பொறுப்பு இல்லை. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த பி.பி. குமாரமங்கலம் உலிச்சில் படித்து 1933இல் கமிஷன் பெற்ற பீரங்கிப்படை அதிகாரி. 1942 மே 27இல் லிபியாவில் பிர் ஹக்கீம் அருகே 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேடு டாங்கிகளால் முறியடிக்கப்பட்டபோது தன் பேட்டரியோடு நின்று போரிட்டு டி.எஸ்.ஓ. என்ற வீர விருது பெற்றார், சிறைப்பட்டார், தப்பினார், மீண்டும் பிடிபட்டு ஜெர்மன் முகாமுக்குப் போனார். போரின் வேகமான ஆண்டுகள் அங்கே கழிந்தன. இப்படிப்பட்டவரின் ரேங்க் வரிசையை, வெளியே இருந்த சக அதிகாரிகளின் வரிசையோடு ஒப்பிட்டுத் திறமையை எடைபோடக் கூடாது. அவர் 1966இல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார்.

எங்கே தேடுவது

முதலில் லண்டன் கெஜட். இணையத்தில் இலவசம். ஆனால் பெயரைத் தட்டினால் உடனே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பழைய அச்சை இயந்திரம் எழுத்துக்கூட்டிப் படித்ததில் பிழை மலிந்திருக்கிறது. அதிலும் நம் பெயர்கள் படும் பாடு பெரிது. தந்தை பெயர், ஊர்ப் பெயர், சொந்தப் பெயர் மூன்றில் எதைக் குடும்பப் பெயராக வைத்தார்கள் என்பது அச்சிட்டவரைப் பொறுத்தது. நீண்ட பெயர் வரி முடிவில் உடைந்து இரண்டு துண்டாகவும் இருக்கும். அதனால் இந்த வரிசையில் போங்கள்: அதிகாரி எண் இருந்தால் அதை மட்டும் தேடுங்கள். இல்லையென்றால் பெயரின் நடுத்துண்டு ஐந்தாறு எழுத்தை மட்டும் கொடுங்கள். அதுவும் கைவிட்டால், கணக்கிட்டு வைத்த தேதியிலிருந்து 6 மாதம் வரையிலான இதழ்களை வடிகட்டி, இந்திய ராணுவம் என்ற தலைப்பின் கீழ் கண்ணால் படியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நிச்சயமாகப் பலன் தரும்.

கெஜட்டின் இணைப்பிதழ்களில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று எந்த இதழுக்கு இணைப்பு என்பது, மற்றது வெளியான நாள். குறிப்பெடுக்கும்போது இணைப்பிதழ் எண், பக்க எண், வெளியான தேதி மூன்றையும் எழுதுங்கள். இவை எதுவுமே ரேங்க் தொடங்கிய தேதி அல்ல, அது பெயருக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். வெளியான தேதியைப் பதவி உயர்வுத் தேதியாக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

முதல் உலகப் போரில் ஆக்டிங் ரேங்கைக்கூட "கம்பெனிக்குத் தலைமை வகிக்கும் வரை" என்ற குறிப்போடு கெஜட்டில் போட்டார்கள். இரண்டாம் போரில் ஜூனியர் அதிகாரிகளின் ஆக்டிங் உயர்வு பெரும்பாலும் அச்சாவதில்லை. ஆகவே கெஜட்டில் மேஜர் என்று இல்லாததால் அவர் மேஜராக இருந்ததே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விருதுப் பட்டியல்களைப் பாருங்கள். அங்கே நிலையான ரேங்கை முதலிலும், டெம்பரரி அல்லது ஆக்டிங் ரேங்கை அடைப்புக்குறிக்குள்ளும் போடுவார்கள். ஒரே வரியில் இரண்டு ரேங்கும் கிடைப்பது அங்கேதான்.

அடுத்தது இந்தியன் ஆர்மி லிஸ்ட். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பல ஆண்டுகளின் பிரதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. லிஸ்ட் எப்போதும் சில மாதம் பின்தங்கியிருக்கும் என்பதை மனதில் வைத்து, அடுத்தடுத்த மூன்று நான்கு இதழ்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே இதழை வைத்து எதையும் உறுதி செய்யக் கூடாது.

இந்திய ராணுவ அதிகாரிகளின் தனிக் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்.மில். 14 என்ற வரிசையில் உள்ளன, சிலவற்றுக்கு அனுமதிக் கட்டுப்பாடு உண்டு. வீர விருதுக்கான பரிந்துரைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 வரிசையில் இருக்கின்றன. பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகளும் அங்கேதான்: மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியாவுக்கு டபிள்யூ.ஓ. 172.

நேரமும் பணமும் இருந்தால் போர் நாட்குறிப்பில் செலவிடுங்கள். யார் எந்த நாளில் எந்தக் கம்பெனியை ஏற்றார், யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பினார் என்பதெல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கும். பின்னிணைப்பில் அதிகாரிகள் பட்டியல் தாள்கள் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். ஆக்டிங் ரேங்க் தொடங்கிய நாளுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்தியாவில் தேடுவோர் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தையும் பாருங்கள். 1947இல் ரெஜிமென்ட்டுகள் பிரிந்ததையும் மறக்க வேண்டாம். மானெக்‌ஷாவின் 12ஆம் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. 1, 8, 14, 15, 16 எண்களுள்ள பஞ்சாப் ரெஜிமென்ட்டுகளும் பலூச் ரெஜிமென்ட்டும் அங்கேயே போயின. இவற்றில் இருந்தவரைப் பற்றி இந்திய ரெஜிமென்ட் மையங்களுக்கு எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை, நேராக லண்டன் ஆவணங்களுக்குப் போங்கள்.

பொறுப்பின் பெயரை ரேங்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

பிரிகேடு மேஜர் என்பது ரேங்க் அல்ல, பிரிகேடு தலைமையகத்தில் முதன்மை ஸ்டாஃப் அதிகாரியின் பொறுப்பு. ஸ்டாஃப் கேப்டனும் அப்படியே. ஜி.எஸ்.ஓ. (ஜெனரல் ஸ்டாஃப் ஆபீசர்) 3 பொறுப்பில் பொதுவாகக் கேப்டன், ஜி.எஸ்.ஓ. 2 மேஜர், ஜி.எஸ்.ஓ. 1 லெப்டினன்ட் கர்னல். பட்டாலியனில் அட்ஜுடன்ட் கேப்டன், இரண்டாம் நிலைத் தலைவர் மேஜர், கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல். பொறுப்பு தெரிந்தால் அப்போதைய ஆக்டிங் ரேங்கை ஊகிக்கலாம். ஆனால் ஊகம் என்று குறித்தே வைக்க வேண்டும், ஏனெனில் ஆள் பற்றாக்குறையில் கேப்டன்களும் லெப்டினன்ட்களும்கூடக் கம்பெனிகளை நடத்தியிருக்கிறார்கள்.

எழுதி வைக்கும்போது ஐந்து பத்தி கொண்ட அட்டவணை போதும்: ரேங்க், வகை, தொடங்கிய தேதி, அப்போதைய பொறுப்பும் பட்டாலியனும், ஆதாரம். கணக்கிட்டு வந்த தேதியைப் பென்சிலிலும் ஆவணத்தில் கண்ட தேதியைப் பேனாவிலும் எழுதுங்கள். கணினியில் என்றால் நிறம் மாற்றுங்கள். கல்லறைக் கல்லிலோ குடும்ப வரலாற்றிலோ ஒரே ஒரு ரேங்க் போட வேண்டியிருந்தால், அவர் உண்மையில் வகித்த மிக உயர்ந்த ரேங்கைப் போட்டு, அது டெம்பரரியா ஆக்டிங்கா என்பதையும் தேதியையும் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.